தேடிய சொல்லும் தெளிவிக்கும் குறிப்பும்

இலக்கிய நூலொன்றில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அச்சொல் அவ்விடத்திலே என்ன பொருளில் நிற்கின்றது என்று அறிவது மற்றொரு வேலை. முதல் வேலையைக் கணனி இன்று இமைப்பொழுதிற் செய்து தந்துவிடுகின்றது. இரண்டாவது வேலையில் அது எவ்வளவு தூரம் நம்மோடு துணைவரும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை இலக்கியம் பயில்வோர் அறிந்துவைத்திருத்தல் அவசியமாகும். இதனை விளங்கிக்கொள்வதற்கு யப்பானிய இலக்கிய உலகம் நல்லதோர் உதாரணத்தை நமக்குத் தருகின்றது. அங்கே பழைய இலக்கியங்களிற் சொற்களைத் தேடுவதற்கும், தேடிக் கிடைத்த ஒவ்வோர் இடத்துக்கும் குறிப்பு எழுதித் தருவதற்கும் ஒரு கருவி அமைத்திருக்கின்றார்கள். அதனைப் பற்றியே இங்கு நோக்குவோம்.

டோக்கியோவின் மேற்குப் பகுதியிலுள்ள தச்சிகாவா நகரில் தேசிய யப்பானிய மொழி, மொழியியல் நிறுவனம் அமைந்துள்ளது. இது 1948இல் தொடங்கப்பெற்றது. இந்நிறுவனம் எட்டாம் நூற்றாண்டின் மன்யோஷு கவிதைத் தொகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிச் சஞ்சிகைகள் வரை பல காலத்து எழுத்துகளைத் திரட்டி, யப்பானிய மொழி வரலாற்றுத் தரவகம் ஒன்றை ஆக்கியிருக்கின்றது. இத்தரவகத்தினுள்ளே தேடுவதற்கான கருவியின் பெயர் 'சூனாகோன்'.

பெயரிலேயே சிறு விளையாட்டு ஒன்று உண்டு. பழைய யப்பானிய அரசவையிலே 'ஷோனாகோன்' என்பது இளநிலை ஆலோசகர் பதவி. 'சூனாகோன்' என்பது இடைநிலை ஆலோசகர் பதவி. 'மகுரா நொ சோஷி' என்ற புகழ்பெற்ற உரைநடை நூலை எழுதிய செய் ஷோனாகோன் அம்மையாரின் பெயரிலும் அந்த இளநிலைப் பதவியே ஒட்டியிருக்கின்றது. இக்கால யப்பானிய எழுத்துகளில் ஏறக்குறைய 10 கோடிச் சொற்களைக் கொண்ட தரவகம் ஒன்றை அந்நிறுவனம் 2011இல் முழுமையாக வெளியிட்டது. அதில் எழுத்துக்கு எழுத்துப் பார்க்கும் எளிய தேடலுக்கு ஷோனாகோன் என்று பெயரிட்டார்கள். இலக்கணக் குறிப்புகளோடு கூடிய தேடல் ஒரு படி உயர்ந்தது. ஆகவே அதற்கு ஒரு படி உயர்ந்த பதவியின் பெயரைக் கொடுத்தார்கள்.

எழுத்துத் தேடல் ஏன் போதாது?

குறிப்பு எழுதும் தொல்லை எதற்கு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடினாற் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். யப்பானிய மொழியில் அது போதாது. அம்மொழியிற் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. ஒரு சொல் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்பதை வாசிப்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும்.

யப்பானிய மாணவர் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. கியோத்தோ நகரின் பெயர் 'கியோ', 'தோ' என்ற இரண்டு எழுத்துகளால் ஆனது. டோக்கியோ மாநகரின் நிருவாகப் பெயரோ 'தோ', 'கியோ', 'தோ' என மூன்று எழுத்துகளால் ஆனது. அம்மூன்றனுள் பின்னிரண்டும் கியோத்தோவின் எழுத்துகளே. ஆகவே சொற்பிரிப்பு அறியாத கணனியிடம் பழைய தலைநகராகிய கியோத்தோவைத் தேடித் தா என்றால், அது இன்றைய தலைநகரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிடும். தமிழிலே 'கல்' என்று தேடுபவர் முன்னே 'கல்வி'யும் 'கல்யாண'மும் வந்து நிற்பது போன்றது இது.

எழுத்து வழக்கு இன்னொரு தடையாகும். ஒரே சொல்லைச் சீன எழுத்தாகிய கஞ்ஜியிலும் எழுதலாம். ஒலியெழுத்தாகிய கனாவிலும் எழுதலாம். கஞ்ஜியிலே கூட ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று எழுத்துகள் வழங்குவதுண்டு. இவற்றோடு, 1946இல் அரசு கனா எழுத்து முறையைச் சீர்திருத்தியது. அதற்கு முன்னர், இன்றைய தினம் என்னும் பொருளுடைய சொல்லைக் 'கெஃபு' என எழுதிக் 'கியோ' என வாசித்தார்கள். சீர்திருத்தத்தின் பின்னர் ஒலிப்பதைப் போலவே எழுதுகின்றார்கள். இன்றைய எழுத்திலே தேடுபவருக்குப் பழைய நூல்களில் அச்சொல் அகப்படாது. அச்சொல் அந்நூல்களில் இல்லையென அவர் முடிவு கட்டிவிடவும் கூடும். இலக்கிய ஆய்விலே இது சிறிய தவறு அன்று.

குறிப்பு எவ்வாறு எழுதப்படுகின்றது?

இத்தடைகளைக் கடப்பதற்கு இரண்டு சாதனங்கள் துணைபுரிகின்றன. ஒன்று, சொற்பிரிப்பு மென்பொருள். இவ்வகையில் 'மெக்காபு' என்பது பெரிதும் பயன்படுவது. மற்றது, அம்மென்பொருளுக்கு வழிகாட்டும் 'யுனிடிக்' என்னும் மின்னகராதி.

இடைவெளியில்லாத ஒரு தொடரைக் கொடுத்தால், அதனைப் பிரிக்கக்கூடிய வழிகள் அனைத்தையும் மென்பொருள் முதலில் விரித்துக்கொள்கின்றது. ஒவ்வொரு சொல்லுக்கும், ஒரு சொல்லின் பின் மற்றொன்று வருவதற்கும் அதனிடம் ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கும். அடிக்கடி வருவதற்கு விலை குறைவு. அருமையாக வருவதற்கு விலை அதிகம். இவ்விலைகள், அறிஞர்கள் ஏற்கெனவே கையாற் பிரித்துத் திருத்திய பகுதிகளிலிருந்து கணிக்கப்பட்டவை. எல்லாவற்றையும் கூட்டி, மொத்த விலை மிகக் குறைந்த வழியை மென்பொருள் தெரிவுசெய்கின்றது. வேறு வகையாகச் சொல்வதானால், மனிதர் முன்பு எப்படிப் பிரித்தார்களோ அதைப் பார்த்து அது பழகிக்கொள்கின்றது.

யுனிடிக் அகராதியின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. அது ஒரு சொல்லை நான்கு படிகளில் வைத்துப் பார்க்கின்றது. மேற்படியில் தலைச்சொல். அதன்கீழ் அச்சொல்லின் வடிவ வேறுபாடுகள். அவற்றின்கீழ் எழுதும் முறைகள். கடைசியில் ஒலிப்பு. கஞ்ஜியில் எழுதினாலும், கனாவில் எழுதினாலும், பழைய முறையில் எழுதினாலும், புதிய முறையில் எழுதினாலும் எல்லாம் ஒரே தலைச்சொல்லின் கீழ் வந்து கூடுகின்றன. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெயர்களால் அழைக்கப்பட்டாலும் ஒரே வீட்டுப் பதிவில் இடம்பெறுவது போல என்று கூறலாம். தேடுபவர் தலைச்சொல்லைக் கொடுத்தாற் போதும்; பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

விடை ஓர் அட்டவணையாக வருகின்றது. நடுவிலே தேடிய சொல். அதன் இருபக்கமும் முன்னும் பின்னும் வரும் தொடர்கள். அடுத்தடுத்த நிரல்களிலே தலைச்சொல், அதன் வாசிப்பு, சொல்வகை, திரிபு வடிவம் ஆகியவை. அது தூய யப்பானியச் சொல்லா, சீன வழி வந்ததா, மேலைமொழிகளிலிருந்து வந்ததா என்பதற்கும் ஒரு நிரல் உண்டு. நூலின் பெயர், ஆசிரியர், காலம் என்பனவும் உடன் வரும். அவ்விடம் கதைகூற்றா, உரையாடலா, பாட்டா என்றும் குறிக்கப்படும். 'கியோகென்' என்னும் நகைச்சுவை நாடகப் பகுதிகளிலே பேசுபவர் யார் என்ற குறிப்பும் உண்டு.

ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்போம்

'உத்சுகுஷி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்றைய யப்பானியத்தில் இதன் வடிவம் 'உத்சுகுஷீ'. பொருள் அழகானது. தலைச்சொல்லைக் கொடுத்துத் தேடி, விடைகளைக் கால வரிசையில் அடுக்கினால் என்ன காண்போம்?

மன்யோஷுவில் இச்சொல் பெற்றோர், மனைவி, மக்கள் ஆகியோர்மீது உள்ளம் கசிந்து வரும் அன்பைக் குறிக்கின்றது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செய் ஷோனாகோனின் காலத்திலே, அது சிறியவற்றின்மீது எழும் வாஞ்சையைக் குறிக்கின்றது. அவர் தமது நூலில் இச்சொல்லுக்குரியவற்றை ஒரு பட்டியலாகவே தருகின்றார். பழத்தின்மேல் தீட்டிய குழந்தை முகம், அழைத்தால் தத்தித் தத்தி வரும் குருவிக்குஞ்சு, தவழ்ந்துவரும்போது தரையிலே கண்ட தூசியைப் பிஞ்சு விரல்களால் எடுத்துப் பெரியவர்களுக்குக் காட்டும் குழந்தை ஆகியன அதில் வருகின்றன. பின்னைய நூற்றாண்டுகளில் பொருள் மெல்ல விரிந்து, பொதுவான அழகைக் குறிக்கத் தொடங்குகின்றது. 1895இல் தொடங்கிய 'தையோ' என்ற சஞ்சிகையின் பக்கங்களுக்கு வரும்போது அது இன்றைய பொருளிலேயே நிற்கின்றது.

அன்பு வாஞ்சையாகி, வாஞ்சை அழகாகிய வரலாறு ஓர் அட்டவணையிலே கண்முன் விரிகின்றது. முன்னாளில் ஓர் அறிஞர் ஆண்டுக்கணக்காகப் பக்கம் புரட்டிப் பெற்ற பயனை ஒரு மாணவர் ஒரு மாலைப்பொழுதிற் பெற்றுவிடலாம்.

ஆனால் ஓர் ஆபத்தும் இங்கேயே இருக்கின்றது. எல்லா விடைகளுக்கும் எதிரே தலைச்சொல் நிரலில் இருப்பது ஒரே வடிவம். அது இன்றைய வடிவம். அழகு என்ற பொருள்தரும் கஞ்ஜி எழுத்திலேதான் அது எழுதப்பட்டிருக்கின்றது. மன்யோஷுக் கணவன் தன் மனைவியை நினைந்து கூறிய சொல்லுக்கு எதிரேயும் அதே எழுத்துத்தான். குறிப்பை மாத்திரம் பார்த்துச் செல்பவர், அவன் மனைவியின் அழகைப் பாடினான் என்று எழுதிவிடுவார். அவன் பாடியது அழகை அன்று, அன்பை. 'நாற்றம்' என்ற சொல்லைப் பழைய பாடலொன்றிற் கண்டு முகஞ்சுளிக்கும் மாணவரை உயர்தர வகுப்பிலே தமிழ் கற்பிக்கும் எவரும் கண்டிருப்பார். அதே நிலைமைதான் இங்கும்.

கருவியின் குறிப்பு இலக்கணக் குறிப்பே அன்றிப் பொருட்குறிப்பு அன்று. இஃது எந்தச் சொல் என்று அது கூறும். அச்சொல் அங்கே என்ன செய்கின்றது என்று கூறாது.

உரைகாரர் மரபு

பாடத்தின் பக்கத்திலே குறிப்பு எழுதும் வழக்கம் யப்பானியருக்குப் புதியதன்று. முரசாக்கி ஷிக்கிபு அம்மையாரின் 'கெஞ்ஜி மொனொகத்தாரி' பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 54 அத்தியாயப் பெருங்கதை. அதிலே எழுவாய் பெரும்பாலும் தொக்கு நிற்கும். பாத்திரங்களைப் பெயரால் அழையாது பதவியாலும் வதியும் இடத்தாலுமே சுட்டுவார்கள். ஒரே மனிதரின் பதவி உயர உயர அவரைச் சுட்டும் சொல்லும் மாறும். சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே யப்பானியர்க்கே அது கடினமான நூலாகிவிட்டது.

கித்தமுரா கிகின் என்ற அறிஞர் 1673இல் 'கொகெத்சுஷோ' என்னும் உரைநூலை ஆக்கினார். மூலத்தை நடுவில் வைத்து, விரிவான விளக்கங்களை மேல் ஓரத்தில் எழுதினார். வரிகளின் பக்கத்திலே, இங்கே பேசுபவர் இன்னார், இச்சொல் இன்னாரைச் சுட்டியது என்று சிறு குறிப்புகள் இட்டார். பல தலைமுறையினர் கெஞ்ஜியை இவ்வுரையின் துணையோடுதான் வாசித்தார்கள். சூனாகோனின் நிரல்களைக் காணும்போது கிகினின் பக்க ஓரங்களே நினைவுக்கு வருகின்றன. ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. கிகின் நூல் முழுவதையும் வாசித்தபின் குறிப்பு எழுதினார். மென்பொருள் பார்ப்பது அடுத்தடுத்து நிற்கும் சில சொற்களைத்தான்.

உரை மரபோடு சொல்லடைவு மரபும் அங்கே வளர்ந்தது. இகெதா கிகான் 1953 முதல் 1956 வரை வெளியிட்ட 'கெஞ்ஜி மொனொகத்தாரி தைசெய்' என்ற பெரும்பதிப்பிலே சொல்லடைவுக்கெனத் தனித் தொகுதிகளே உண்டு. அக்காலத்திலே பழைய இலக்கியச் சொற்களை எண்ணிக் கணக்கிட்டவர்களுள் ஒருவர் ஓனோ சுசுமு (1919-2008). செவ்விலக்கியங்கள் சிலவற்றின் சொற்றொகையைச் சொல்வகை வாரியாகப் பகுத்து 1956இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மன்யோஷுவிலே பெயர்ச்சொற்களின் விகிதம் உயர்ந்தும் கெஞ்ஜியிலே தாழ்ந்தும் இருக்கின்றது. பெயர் குறையுமிடத்து வினையும் பண்பை உணர்த்தும் சொல்லும் ஓர் ஒழுங்கிலே கூடுகின்றன என்று அவர் காட்டினார். பின்னர் அது 'ஓனோ விதி' என்ற பெயர் பெற்றது. இன்று கருவி நொடியிற் காட்டும் கணக்கை அன்று கையால் எண்ணித்தான் கண்டார்கள்.

இந்த ஓனோ நமக்கு அறிமுகமானவரே. யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டெனக் கூறியவர் அவர்தாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் 1980களில் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மன்யோஷுக் கவிதைகளையும் சங்க அகப்பாடல்களையும் ஒப்புநோக்கினார்கள். ஓனோவின் உறவுக்கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் அந்த விவாதத்தில் ஒரு பாடம் உண்டு. இரு சொற்கள் ஒத்திருக்கின்றன என்று காண்பது எளிது. அவை எந்த நூற்றாண்டில், எந்த வடிவத்தில், எந்தப் பொருளில் நின்றன என்று உறுதிசெய்வதிலேதான் வாதம் நிற்கும், அல்லது விழும். குறிப்போடு கூடிய தேடலின் தேவையை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

கருவி நிற்கும் இடம்

யப்பானியக் கவிதையிலே 'ககெகொத்தொபா' என்னும் சிலேடை மரபு ஒன்றுண்டு. 'மத்சு' என்றால் தேவதாரு இனத்து மரம், காத்திருத்தலும் அதுவே. 'ஃபுரு' என்றால் மழை பொழிதல். காலம் கழிதலும் அதுவே. 'நகமே' நீண்ட மழையையும் குறிக்கும். நினைவில் ஆழ்ந்து வெறித்து நோக்குதலையும் குறிக்கும். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண்பாற் புலவர் ஓனோ நொ கொமாச்சியின் மிகப் புகழ்பெற்ற கவிதை இப்பின்னிரண்டு சொற்களின் இரட்டைப் பொருளிலேதான் உயிர்வாழ்கின்றது. மழையில் வீணே நிறமிழந்த மலரும், நினைவிலே கழிந்த இளமையும் அங்கே ஒரே சொற்களில் அமைந்திருக்கின்றன.

மிகக் குறைந்த விலையுள்ள ஒரு வழியைத் தெரிவுசெய்யும் மென்பொருள் இங்கே என்ன செய்யும்? ஒன்றைக் கொள்ளும், மற்றதை விடும். மழை என்று குறித்தால் இளமை போய்விடும். இளமை என்று குறித்தால் மழை போய்விடும். கவிஞர் இரண்டையும் வேண்டியே அச்சொல்லைத் தெரிந்தெடுத்தார். அட்டவணையில் ஒரு கட்டத்துக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கு இலக்கணத்துக்குப் பொருந்தலாம், சிலேடைக்குப் பொருந்தாது.

கருவியை ஆக்கியோர் தங்கள் எல்லையை மறைக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். இயந்திரம் பிரித்தபின் அறிஞர் சரிபார்த்துத் திருத்திய பகுதிக்குக் 'கரு' என்று பெயர். இயந்திரம் பிரித்தபடியே விடப்பட்டது கரு அல்லாத பகுதி. முன்னர் குறிப்பிட்ட 10 கோடிச் சொற்களில் மனிதக் கண் பட்டுத் திருத்தப்பெற்ற கருப்பகுதி ஏறக்குறைய 10 இலட்சம் சொற்களே. தேடல் விடையிலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். இது யார் எழுதிய குறிப்பு, மனிதரா இயந்திரமா என்பதைக் குறிப்பே கூறிவிடுகின்றது. இஃது ஒரு நேர்மை. பல தேடற் கருவிகளில் நாம் காணாத நேர்மை.

இன்னொன்றையும் மறத்தலாகாது. முரசாக்கி ஷிக்கிபு தம் கைப்பட எழுதிய பிரதி இன்று இல்லை. தரவகத்துக் கெஞ்ஜி, ஷொகாக்குகன் பதிப்பகம் வெளியிட்ட செவ்விலக்கியத் தொகுதியின் பாடமாகும். படிக்க இலகுவாகக் கஞ்ஜியும் நிறுத்தக்குறிகளும் இட்டவர்கள் பதிப்பாசிரியர்கள். ஆகவே இந்நூலில் இச்சொல் இத்தனை முறை வருகின்றது என்னும்போது, இப்பதிப்பிலே இத்தனை முறை என்றே கொள்ளுதல் தகும்.

எனவே எந்த மொழியிலாயினும் தேடல் விடை ஒன்றைக் கையிலெடுப்பவர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் நன்று. தேடியது எழுத்தையா, சொல்லையா? உடனிருக்கும் குறிப்பை எழுதியவர் யார், அதனைச் சரிபார்த்தவர் உண்டா? இந்தப் பாடம் எந்தப் பதிப்பின் பாடம்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின், அச்சொல் நிற்கும் பக்கத்தைத் திறந்து, குறைந்தது முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மத்சுசாக்கா என்னும் ஊரில் வாழ்ந்த வைத்தியர் மொத்தோரி நொரினாகா (1730-1801), கெஞ்ஜியின் உயிர்நிலை 'அவாரே' என்ற ஒரு சொல்லிலே இருப்பதாகக் கண்டார். உள்ளம் நெகிழும்போது தானாக எழும் ஓசையே அச்சொல்லின் பிறப்பிடம் என்று அவர் விளக்கினார். அச்சொல் அந்நூலில் ஏறக்குறைய ஆயிரம் இடங்களில் வருகின்றது. அத்தனை இடங்களையும் இன்று கருவி ஒரு நொடியில் வரிசைப்படுத்தித் தரும். ஒவ்வொன்றுக்கும் சொல்வகையும் குறித்துத் தரும். ஆனால் அவற்றுள் எது துயரம், எது வியப்பு, எது இரக்கம் என்று பிரித்தறிவதற்கு நொரினாகா செய்ததையே நாமும் செய்ய வேண்டும். அவர் நூலை வாசித்தார்.